இயக்குநர் எங்கே?

படம் வெளியாகும் வாரத்தில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் நடிகர்தான் இருப்பார். இயக்குநர் பெரும்பாலும் அப்போது படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் டிஐ அறையிலோ ஒலிக்கலவைக் கூடத்திலோ உட்கார்ந்திருப்பார். தணிக்கையில் வெட்டு விழுந்தால் ஒலியையும் சேர்த்துச் சரிசெய்து, தியேட்டர்களுக்கு டிசிபி, அதாவது திரையிடுவதற்கான டிஜிட்டல் பிரதி, அனுப்பியாக வேண்டும். நடிகரின் டப்பிங் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஆனால் நேரமின்மை பாதிக் காரணம்தான். ஹாலிவுட்டில் 'ஜங்கெட்' என்று ஒரு முறை உண்டு. ஹோட்டல் அறையில் போஸ்டர் முன்னால் நடிகரை உட்காரவைத்து, நிருபர்களை வரிசையாக உள்ளே விடுவார்கள். ஆளுக்குச் சில நிமிடங்கள். அந்த அவகாசத்தில் தலைப்பில் போடுவதற்கு எல்லோருக்கும் தெரிந்த முகம் வேண்டும். விளம்பரத்துக்கு வருவது பெரும்பாலும் நடிகரின் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

இதன் மதிப்பு 2023 ஜூலையில் தெரிந்தது. அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா வேலைநிறுத்தத்தில் இறங்கி, படப்பிடிப்போடு பேட்டிகளுக்கும் தடை போட்டது. இயக்குநர்கள் பேசத் தடையில்லை. இருந்தும் நவம்பரில் வரவிருந்த 'டியூன்' இரண்டாம் பாகம் 2024 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. இயக்குநர் டெனி வில்னவ் தனியாகப் போய்ப் பேசினால் போதும் என்று ஸ்டூடியோ நினைக்கவில்லை. அவர் சுவாரசியமாகப் பேசக்கூடியவர்தான். ஆனால் நாயகன் டிமோதி ஷாலமேயின் ரசிகர்கள் வேறு கூட்டம்.

நம்மூரில் இதற்கு விதிவிலக்கு அஜித். பட விளம்பரத்துக்காக மேடைக்கும் வருவதில்லை, பேட்டிக்கும் வருவதில்லை. படம் பற்றிப் பேசும் வேலை இயக்குநர் தலையில் விழுகிறது. அங்கும் பேட்டியெடுப்பவர் கேட்பதென்னவோ அஜித்தைப் பற்றித்தான்.