கடைவாய்ப் பல்லும் ஒரு துண்டுச் சீட்டும்

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் பல்வலி வந்தால் முதலில் கிராம்பு, அப்புறம் உப்புத் தண்ணீர், அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கலில் வலி மாத்திரை. டாக்டர் கடைசியில்தான். "மேல் பல்லைப் பிடுங்குனா கண்ணு போயிரும்லே" என்பாள் ஆச்சி. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. சொன்னால் யார் கேட்கிறார்கள்? பல் எடுத்த வருடமே கண்ணாடி போட்ட ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். அவர் அறுபதைத் தாண்டியவர் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

எனக்குக் கண்ணைப் பற்றிப் பயமில்லை, காசைப் பற்றித்தான். கடைவாய்ப் பல் சொத்தையாகி முதலில் போன இடத்தில், வாயைத் திறந்ததுமே "ரூட் கேனல் பண்ணணும், பக்கத்துப் பல்லும் தேறாது" என்றார்கள். ரூட் கேனல் என்றால் பல்லைப் பிடுங்காமல் வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. எவ்வளவு ஆகும் என்றால் "அது பாத்துக்கலாம்" என்றார்கள். வொர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு நிற்பது போல இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் வலியும் நின்றது. உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். வேர் நுனியில் சீழ் கட்டுவது நிற்காது. கன்னம் வீங்கிய பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். கூட்டம்தான். ஆனால் பார்த்த டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்து, "இங்க கறுப்பாத் தெரியுதுல்லா, அதுதான் சீழ். முதல்ல வீக்கம் வடியட்டும்" என்றார். சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாதாம். 'ஊசி போட்டும் உயிர் போச்சு' என்று ஊரில் சொல்கிறவர்களில் பாதிப்பேர் இந்த நிலைமையில் போனவர்களாகத்தான் இருக்கும். பல்லை எடுத்துவிடலாம், அல்லது ரூட் கேனல் செய்து காப்பாற்றலாம், முடிவு உங்களுடையது என்றார். ஒரு டாக்டர் என்னிடம் முடிவைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மாத்திரையில் வீக்கம் வடிந்ததும், ரூட் கேனலே செய்துகொள்ளலாம் என்று வேலை நேரத்துக்குத் தோதாக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். எத்தனை தடவை வரணும், பல்லுக்கு மேல் மாட்டும் கேப்புக்குத் தனிக் காசா என்று உட்காரும் முன்பே கேட்டேன். முகம் சுளிக்காமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஊசி சுருக்கென்றது, அவ்வளவுதான். பிறகு உதடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. மெல்லிய ஊசி மாதிரிக் கம்பிகளால் வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். அடுத்த தடவை நிரந்தர அடைப்பு, அதற்கப்புறம் அளவெடுத்துக் கேப். சீட்டில் இருந்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அந்தச் சீட்டை அம்மாவிடம் காட்டினேன். கிளீன் பண்ணினால் பல் ஆடும் என்று பல வருடமாக வர மறுப்பவள். ஆடும் பல்லை, அதில் படிந்து இறுகிய காரை மூடிப் பிடித்திருக்கும், காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும், ஆட வைத்ததே அந்தக் காரைதான் என்று விளக்கினேன். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எக்ஸ்ரேக்கு மட்டும் வருவாளாம், வாயில் யாரும் கை வைக்கக் கூடாதாம்.