பில் என்ட்ரியோட நின்னுடாதீங்க: அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு

திருப்பூர்ல காலேஜ் ரிசல்ட் வந்துச்சுன்னா போதும், பி.காம் முடிச்ச பசங்களும் பொண்ணுங்களும் பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்கு வேலை கேட்டு வர ஆரம்பிச்சிருவாங்க. எங்க ஆபீஸ்லயும் வருஷா வருஷம் புதுசா யாராச்சும் சேருவாங்க, அவங்களுக்கு வேலை சொல்லிக் குடுக்கறது நான்தான், அதனால இதை எழுதியே ஆகணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

முதல்ல பில் கட்டைக் குடுத்து டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல போடச் சொல்லுவாங்க. F9 பர்ச்சேஸ், F8 சேல்ஸ், F5 பேமெண்ட்னு கை தானா பழகிரும், அதுக்குப் பெருசா பயப்பட வேண்டாம். ஆனா அதோட நின்னுட்டா மூணு வருஷம் கழிச்சும் நீங்க என்ட்ரி போடற ஆள்தாங்க.

டூ-பி மேட்சிங் வேலையைக் கேட்டு வாங்குங்க, அதாவது நம்ம கையில இருக்கற பர்ச்சேஸ் பில்லையும், ஜிஎஸ்டி போர்ட்டல்ல நமக்கு வர்ற பில் லிஸ்டான ஜிஎஸ்டிஆர்-2பியையும் ஒத்துப் பாக்கற வேலை. நமக்கு பில் போட்டவர் அவரோட சேல்ஸ் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ல அதைக் காட்டினாத்தான் நம்ம டூ-பில வரும், 2022 ஜனவரியிலிருந்து அதுல வராத பில்லுக்கு ஐடிசி, அதாவது நாம வாங்கறப்ப குடுத்த ஜிஎஸ்டியைக் கழிச்சுக்கற கிரெடிட், எடுக்க முடியாது. மாசாமாசம் 14ம் தேதி டூ-பி வரும், 20ம் தேதிக்குள்ள த்ரீ-பிங்கற வரி கட்டற ரிட்டர்ன் போடணும், நடுவுல இருக்கற அந்த சில நாள்தான் எங்க ஆபீஸ்ல போன் ஓயாது. நிட்டிங்காரர் பில்லு நம்ம கையில இருக்கும், டூ-பில இருக்காது. ஏன்னு பாத்தா நம்ம ஜிஎஸ்டி நம்பர்ல ஒரு எழுத்தை மாத்திப் போட்டிருப்பார், இல்லேன்னா அவர் மூணு மாசத்துக்கு ஒருதடவை ரிட்டர்ன் போடறவரா இருப்பார். டர்ன்ஓவர் 5 கோடி வரைக்கும் அப்படிப் போடலாம், இங்க சின்ன ஜாப் ஒர்க்காரங்க பலபேர் அப்படித்தான். அவங்க மாசாமாசம் 13ம் தேதிக்குள்ள பில்லை மட்டும் தனியா ஏத்திவிட்டா நமக்கு அந்த மாசமே கிரெடிட் கிடைச்சிரும், ஏத்தலைன்னா குவாட்டர் முடியற வரைக்கும் நம்ம பணம் அங்கயே நிக்கும். "அண்ணா, அந்த பில்லை மட்டும் ஏத்திவிட்ருங்கண்ணா"ன்னு பொறுமையா போன் பண்ணிக் கேட்டு வாங்கற அந்தப் புதுப் பொண்ணு முதலாளிக்கு எவ்வளவு பணம் மிச்சம் பண்ணிக் குடுக்குதுன்னு வெளிய யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

அடுத்தது பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது நம்ம கணக்கையும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் ஒத்துப் பாக்கறது. ஸ்டேட்மெண்ட்ட பக்கத்துல வெச்சுட்டு ஒவ்வொரு லைனா டிக் பண்ணிப் பாருங்க. 17.70ன்னு ஒரு சின்ன டெபிட் இருக்கும். அது 15 ரூபா சார்ஜ், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 2.70. மொத்தத்தையும் பேங்க் சார்ஜஸ்ல தள்ளிடாம பிரிச்சுப் போடணும், அப்பத்தான் அந்த ஜிஎஸ்டிக்கும் கிரெடிட் எடுக்கலாம். தொகை சின்னதுதான், ஆனா வருஷம் பூரா எல்லா சார்ஜையும் கூட்டிப் பாருங்க, அப்பப் புரியும். அப்புறம் நாம குடுத்த செக்கு பாஸ் ஆகாமயே கிடக்கும், யாரோ பணம் போட்டிருப்பாங்க, யாருன்னே தெரியாது. அதையெல்லாம், எதுன்னு தெரியாததைப் போட்டு வெக்கற சஸ்பென்ஸ் கணக்குல போட்டு வெச்சுட்டு மறந்துராதீங்க, அன்னன்னைக்கே கேட்டு முடிச்சிருங்க, மார்ச்ல உக்காந்து தேடினா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

டிடிஎஸ், அதாவது பணம் குடுக்கறப்பவே வரியைப் பிடிச்சுக் கட்டறது, அதைக் கொஞ்சம் சுருக்கமா சொல்றேன். தைச்சுக் குடுக்கற கான்ட்ராக்டர் தனி ஆளா இருந்து 80,000 ரூபாய்க்கு பில் குடுத்தா 1 சதவீதம், அதாவது 800 பிடிக்கணும், பில்லுல ஜிஎஸ்டி தனியா காட்டியிருந்தா அதை விட்டுட்டு மீதிக்குத்தான். அடுத்த மாசம் 7ம் தேதிக்குள்ள கட்டணும், பிடிச்சுட்டுக் கட்டாம விட்டா மாசத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. மார்ச் மாசம் பிடிச்சதுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரைக்கும் டைம் இருக்கு.

சம்பளம் ஆரம்பத்துல கம்மிதான், வீட்ல கேக்கறப்ப கஷ்டமா இருக்கும், எனக்கும் அது புரியுது. அதனாலதான் சொல்றேன், இன்டர்வியூவுல சம்பளத்தோட சேத்து இதையும் கேளுங்க: ரிட்டர்ன் ஆபீஸ்லயே போடறாங்களா, இல்ல எல்லாத்தையும் ஆடிட்டர்கிட்டக் குடுத்துருவாங்களா, பேங்க் வேலையை நாம தொடலாமா. ஆயிரம் ரூபா கம்மியா இருந்தாலும் இதெல்லாம் கையில குடுக்கற இடத்துக்கே போங்க. ஜூன், ஜூலைல சேந்தா இன்னும் நல்லது, டாக்ஸ் ஆடிட் வேலை அப்ப ஓடிட்டு இருக்கும், ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வர்ற கேள்வி லிஸ்ட்ட உங்ககிட்ட ஒரு காப்பி கேட்டு வாங்கி வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் பில்லைத் தேடி எடுத்துக் குடுங்க.