அந்தக் கட்டத்தில் இருந்த 5

“இந்த 5 எங்கிருந்து வந்தது சார்?”

கேட்டவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அறிக்கை போக வேண்டிய நாள் மறுநாள். “அது வழக்கமாகப் போடுறதும்மா” என்றேன். மூன்று வருடமாகிறது. அந்தப் பதில் இன்னும் முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது.

5 என்பது கழிவு வீதம். அலுவலகத்தில் டிஸ்கவுண்ட் ரேட் என்போம். பின்னால் வரப்போகும் வரவையும் நஷ்டத்தையும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்து இன்றைய மதிப்பாக்கும் எண். அலையாத்திக் காட்டின் ஒரு பகுதியை ஒரு திட்டத்துக்குக் கொடுக்கலாமா என்று பார்க்கும் கணக்கு அது. வரவெல்லாம் முதல் இருபது ஆண்டுகளுக்குள் வந்துவிடும். காடு போவதன் நஷ்டம் பிற்பாடுதான் தெரியும்: புயல் அலையைத் தாங்க ஒன்றும் இருக்காது, மீன்குஞ்சு வளர இடம் இருக்காது. நூறு ஆண்டு கழித்து வரும் 1000 நஷ்டத்தை 5 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 8கூடத் தேறாது. 1.4 சதவீதத்தில் ஏறக்குறைய 250.

அவர் அந்தக் கட்டத்தில் 1.4 என்று அடித்துப் பார்த்தார். கீழே நிகரப் பயன் வரிசையில், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்து நின்றது. இருவரும் பேசாமல் அதையே பார்த்தோம். நான் கீபோர்டை என் பக்கம் இழுத்து மறுபடி 5 என்று அடித்தேன்.

நான் செய்தது மோசடி இல்லை. 1.4 என்பது 2006இல் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் காலநிலை மாற்றம் பற்றிய தன் அறிக்கையில் எடுத்துக்கொண்ட வீதம். சந்தையில் முதலீட்டுக்குக் கிடைக்கும் வருவாயோடு இது ஒட்டவில்லை என்று அமெரிக்கப் பொருளாதார நிபுணர் வில்லியம் நார்ட்ஹாஸ் மறுத்தார். அவருக்கு 2018இல் நோபல் பரிசே கிடைத்தது. பெரியவர்களே ஒத்துப்போகாத எண்ணை ஒரு சாயங்காலத்தில் நான் தீர்மானிக்க முடியுமா? இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் அவர் இன்னொன்றும் கேட்டார். “பின்னால வர்றவங்க நம்மைவிட வசதியா இருப்பாங்கன்னு வெச்சுத்தானே சார் கழிக்கிறோம்? இருப்பாங்களா?”

“அப்புறம் பேசலாம்” என்றேன்.

அப்புறம் பேசவில்லை. நான் மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டெர்னின் 1.4இலேயே 1.3 வளர்ச்சிக்காகச் சேர்த்தது. மனித குலமே அழிந்துபோகும் வாய்ப்புக்காக வைத்த 0.1தான் மிச்சம். அதாவது சண்டை போட்ட இரு தரப்பும் வளர்ச்சி தொடரும் என்றுதான் வைத்துக்கொண்டன. அந்த வளர்ச்சிக்கு எரிபொருளும் மண்ணும் தாதுவும் வேண்டும். ஒருமுறை எரித்ததை மறுபடி எரிக்க முடியாது என்பதைப் பொருளாதாரமும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1971லேயே பொருளாதார நிபுணர் ஜார்ஜெஸ்கு ரோகன் எழுதிவிட்டார். பொருளாதாரம் இயற்கைக்குள் அடங்கியது, உலகம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று அவருடைய மாணவர் ஹெர்மன் டேலி காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சூடேறும் பூமி வளர்ச்சியையே தின்றுவிட்டால் கழிவு வீதமும் இறங்கியாக வேண்டும், நஷ்டம் பூதாகரமாக வேண்டும். எந்த ஆபத்தை எடைபோட உட்கார்ந்தேனோ, அந்த ஆபத்து வராது என்று முதல் கட்டத்திலேயே எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்காக வளர்ச்சியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியுமா? விளக்கு எரியாத வீடுகள் இருக்கும்போது அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் இன்னொரு எண் குறுக்கே வருகிறது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களை அதிகம் உமிழும் பத்து சதவீதக் குடும்பங்கள்தான், உலகக் குடும்பங்களின் நுகர்வால் வரும் உமிழ்வில் 34 முதல் 45 சதவீதத்துக்குக் காரணம் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கை. ‘பின்னால் வருகிறவர்கள்’ என்று நாங்கள் போடுவது ஒரு சராசரி மனிதரை. அந்தக் காட்டை நம்பி வலை வீசுகிறவரின் பேரன் அந்தச் சராசரியில் எங்கே இருப்பான்? அவனுக்குப் போன காட்டுக்குப் பதிலாக எவ்வளவு பணம் கொடுத்தால் சரியாகும்? அதற்குக் கட்டமே இல்லை எங்கள் அட்டவணையில்.

அன்று 1.4 போட்டிருந்தால் அறிக்கை திரும்பி வந்திருக்கும், வேறு யாராவது 5 போட்டிருப்பார்கள். இதை நம்புகிறேன். நம்பினாலும் அந்தக் கழித்தல் குறியைப் பார்த்தது நான்தான்.

இப்போதெல்லாம் மூன்று வீதங்களில் கணக்குப் போட்டு மூன்றையும் அட்டவணையில் வைக்கிறேன். முதல் பக்கச் சுருக்கத்தில் ஒரு எண்தான் போகிறது, 5இல் வந்த எண். அதை மாற்றலாமா என்று நான் இன்னும் கேட்கவில்லை.