கொடைக்கானல் இ-பாஸ்: வண்டி மாறினால் பாஸ் செல்லாது

கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுப்பது பெரிய வேலை இல்லை. போன் நம்பரைக் கொடுத்தால் ஓடிபி வரும். பெயர், எத்தனை பேர், என்றைக்குப் போய் என்றைக்குத் திரும்புகிறோம், எங்கே தங்குகிறோம், வண்டி எண் என்ன என்று நிரப்பினால் க்யூஆர் கோடோடு பாஸ் வந்துவிடும். ஒரு பைசா கட்டணம் இல்லை. இதை எடுத்துத் தர 200 ரூபாய் கேட்கிற கடைகளும் மதுரையில் இருக்கின்றன, தயவுசெய்து கொடுக்காதீர்கள். எங்களை அலைக்கழித்தது அந்தக் கடைசிக் கட்டம்தான். வண்டி எண்.

பாஸ் வண்டிக்குத்தான் கொடுக்கிறார்கள், ஆளுக்கு இல்லை. மலைமேல் எத்தனை வண்டி ஏறுகிறது என்று எண்ணுவதற்காகவே சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இதைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 2025 ஏப்ரலில் இருந்து சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று: வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. அதனால் பாஸில் இருக்கிற எண்ணும் நம்பர் பிளேட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இது எனக்குத் தெரியும். வண்டி அனுப்பிய ட்ராவல்ஸ்காரருக்கு இதைவிட நன்றாகத் தெரியும். கோபம் இன்னும் அடங்காததற்கு அதுதான் காரணம்.

சித்திரைத் திருவிழா முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இருக்கிற கொஞ்ச நாளில் மதுரையில் வாடகை வண்டி கிடைப்பதே பெரிய பாடு. 2025 மே மாதம், ஒரு சனிக்கிழமைக்கு முன்கூட்டியே இன்னோவா சொல்லி, முன்பணமும் கட்டியிருந்தேன். நான், அத்தை, என் தங்கை, பிள்ளைகள். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பாஸையும் ட்ராவல்ஸ்காரர்களே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். பெயர், தேதி, இன்னோவாவின் எண் எல்லாம் சரியாக இருந்தன.

காலையில் இருட்டோடு வாசலில் வந்து நின்றது ஒரு வெள்ளை எர்டிகா.

"இன்னோவாவுல ஏசி வேலை செய்யலக்கா. ஓனர் இதை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டார்" என்றார் டிரைவர் தம்பி. பாஸ் அந்த வண்டிக்கு எடுத்ததாச்சே என்று ஓனருக்கே போன் போட்டேன். "நீங்க கிளம்புங்கம்மா, வத்தலக்குண்டு தாண்டுறதுக்குள்ள புது பாஸ் உங்க போனுக்கு வந்துரும்" என்றார். வாடிப்பட்டி தாண்டியாச்சு, நிலக்கோட்டை தாண்டியாச்சு, பாஸ் வரவில்லை. வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. டிரைவர் தம்பி கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

அடிவாரச் சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எங்கள் முறை வந்ததும் பணியில் இருந்த ஒரு பெண் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார். "இது வேற வண்டிம்மா. ஓரமா விடச் சொல்லுங்க." அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்திலும் நின்று விளக்கமாகச் சொன்னார்: எண் மாறிவிட்டால் பழைய பாஸ் செல்லாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும், உங்கள் போனிலேயே போடலாம், அவசரம் இல்லை.

சரி என்று ஓரமாக நின்று நானே போட ஆரம்பித்தேன். விவரம் சரிபார்க்க ஆர்சி புத்தகத்தைக் கேட்டால் தம்பி கொடுக்கத் தயங்கினார். "ஓனரைக் கேட்டுட்டுத் தர்றேன்க்கா." நம்பர் பிளேட்டைப் பார்த்தே எண்ணைப் போட்டுவிடலாம் என்று வண்டிக்கு முன்னால் போய் நின்றபோது, கூட வந்த தங்கை மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது ஒயிட் போர்டு."

வாடகைக்கு ஓடுகிற வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு. இதில் போலீஸ் பிடிக்குமா பிடிக்காதா என்பதை விடுங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ், காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றிப் போகும்போது நடக்கிற விபத்துக்குப் பொருந்தாது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் போகிறோம், வண்டியில் வயதானவரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? "எல்லாரும் இப்படித்தான்க்கா போறாங்க. கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க, போதும்" என்றார் தம்பி. அவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர், சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் அந்த வார்த்தைக்கு அப்புறம் அந்த வண்டியில் மலை ஏற எனக்கு மனசு வரவில்லை.

பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. திரும்பி மதுரைக்கே போய்விடலாமா என்று நானும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தோம். அத்தைதான் முடிவைச் சொன்னார்கள். "பஸ்ஸு ஓடுதுல்ல? வத்தலக்குண்டுக்குத் திருப்பச் சொல்லு."

அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் தேவையில்லை. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கவலை போய்விடும். மதுரையில் இருந்து போகிறவர்கள் ஆரப்பாளையத்திலேயே கொடைக்கானல் பஸ் ஏறிவிடலாம், உட்கார்ந்தும் போகலாம். நாங்கள் நடுவழியில் வத்தலக்குண்டில் ஏறியதால் ஒரு பஸ்ஸை விட்டுவிட வேண்டியதாயிற்று. அடுத்ததில் கண்டக்டர் அத்தையைப் பார்த்துவிட்டு, முன்னால் இருந்த ஒரு பையனை எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்தார். வாந்தி வருகிறவர்கள் பின்சீட்டில் உட்காரவே கூடாது. வளைவுக்கு வளைவு தூக்கிப் போடும்.

எங்களை ஓரங்கட்டிய அதே சாவடியை பஸ் தாண்டியபோது ஒருவர் ஏறி பிளாஸ்டிக் மட்டும் பார்த்தார். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் எதுவும் மேலே போகக் கூடாது, கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. பின்னால் ஒரு குடும்பம் அரை லிட்டர் பாட்டில்களைக் கட்டாக வாங்கி வைத்திருந்தது. எங்களிடம் எவர்சில்வர் கேன் இருந்ததால் ஒரு கேள்வியும் இல்லை. தண்ணீரை வீட்டிலேயே பிடித்துக்கொண்டு போய்விடுங்கள்.

டம்டம் பாறை வரை பயணம் நன்றாகவே இருந்தது. எதிர்மலையில் தலையாறு அருவி வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது, கீழே மஞ்சளாறு அணை. பிள்ளைகளிடம் அந்த மஞ்சளாறு வைகையில்தான் போய்ச் சேருகிறது என்று சொன்னபோது நம்பவில்லை. பழனி மலையின் சோலைக்காடு மழையைப் பிடித்து வைத்துக் கசியவிட்டால்தான் கீழே இருக்கிற ஆறுகளில் தண்ணீர் வரும். மதுரைக்காரர்கள் அந்த மலையை யாரோ வெளியூர்க்காரன் தோட்டம் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. 1985 வரை கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ஏரியை 1863-ல் உண்டாக்கியவரே மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச்.

பெருமாள்மலை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் சாலையின் இரண்டு ஓரத்திலும் கார்களை நிறுத்திவிட்டு, சோளக்கதிர் சாப்பிட்டுக்கொண்டும் போட்டோ எடுத்துக்கொண்டும் நிற்கிறார்கள். மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். பொறுமையில்லாத ஒரு கார் வரிசையை விட்டு வெளியே வந்து வளைவில் முந்தப் போய், மேலே இருந்து இறங்கிய பஸ்ஸுக்கு நேர் முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அந்த நேரம் பார்த்து மேலே இருந்து ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நிற்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் நின்ற இடத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் கண்டக்டர் பையைத் தோளில் மாட்டியபடியே இறங்கி ஓடினார். விசில் ஊதி, ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்டி, ஒரு சாண் முன்னால், ஒரு சாண் ஓரமாக என்று நகர்த்த வைத்தார். இறங்கி நின்ற நாலைந்து இளைஞர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் எங்கள் ஜன்னலை உரசுகிற மாதிரி இறங்கிப் போனது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்கள். கண்டக்டர் திரும்ப ஏறும்போது சட்டை முழுக்க நனைந்திருந்தது, ஒரு வார்த்தை பேசாமல் சீட்டு எழுதப் போய்விட்டார்.

அங்கே நின்ற கார்களிடம் எல்லாம் பாஸ் இருந்திருக்கும். வார இறுதியில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வண்டிக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டாலே 24,000 பேர். 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியின் மொத்த ஜனமே 36,500 சொச்சம்தான். எண்ணிக்கை வைத்தது நல்ல விஷயம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மதுரை, திண்டுக்கல், தேனி என்று எல்லா ஊர்க்காரர்களும் விடியற்காலையில் கிளம்பி ஒரே நேரத்தில் அந்த ஒற்றைச் சாலையில் போய் நின்றால் பாஸ் இருந்தும் என்ன பயன்? எந்த மணிக்கு அடிவாரம் தாண்ட வேண்டும் என்று பாஸிலேயே நேரத்தையும் பிரித்துக் கொடுக்கலாம். வத்தலக்குண்டு பக்கம் பெரிய இடமாகப் பார்த்து கார்களை நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து அடிக்கடி பஸ் விடலாம். அருவி ஓரத்தில் நிறுத்துவதை முழுசாகத் தடுக்க வேண்டும். அந்த சைரனைக் கேட்டவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

மேலே கார் இல்லாமல் எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஏரியைச் சுற்றி நடை, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக் எல்லாம் நடந்தே பார்த்தோம். தூண் பாறை, பைன் காடு, குணா குகைப் பக்கம் மட்டும் உள்ளூர் டாக்ஸி எடுத்தோம், மஞ்சள் போர்டு என்று பார்த்து. ஞாயிறு காலை நேரத்தோடு போய்விட்டதால் கூட்டம் இல்லை. திரும்பும்போது பைன் காட்டை நோக்கி வந்த வரிசையைப் பார்த்து டிரைவர் அண்ணன், இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் மதியச் சாப்பாடு வண்டிக்குள்தான் என்றார். நாங்கள் தங்கியது நாயுடுபுரத்தில் ஒரு வீட்டு மாடியில். வீட்டுக்கார அம்மா சொன்னது இது: "சனி, ஞாயிறுன்னா மருந்து வாங்கக்கூட நாங்க வண்டியை எடுக்கிறதில்லைம்மா. நடந்துதான் போவோம்."

இறங்குவதற்கு ஒரு யோசனை. ஞாயிறு மதியத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க முடியாது. ஒன்று காலையிலேயே இறங்கிவிடுங்கள், இல்லையென்றால் எங்களைப் போல ஒரு ராத்திரி கூடத் தங்கி திங்கள் காலையில் இறங்குங்கள். திங்கள் காலை பஸ்ஸில் எல்லோருக்கும் ஜன்னல் சீட் கிடைத்தது.

இனி பணம். ஊருக்கு வந்ததும் முன்பணத்தைக் கேட்டால், "நீங்கதானம்மா வேண்டாம்னு இறங்கிட்டீங்க" என்றார் ஓனர். போகவர டீசல் செலவு வேறு சொன்னார். என்னிடம் மூன்று விஷயம் இருந்தது: இன்னோவா எண் போட்ட பாஸ், அந்த எண்ணைச் சொல்லி அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அன்று சாவடி ஓரத்தில் தங்கை எடுத்த வெள்ளைப் போர்டு போட்டோ. மூன்றையும் அவருக்கே அனுப்பி, ஆர்டிஓ அலுவலகத்துக்கும் இதையே கொடுக்கப் போகிறேன் என்று ஒரு வரி எழுதினேன். அன்று சாயங்காலமே பாதிப் பணம் வந்தது. பாதி போதாது என்றேன். மறுநாள் மீதியும் வந்தது, டீசலைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதனால் வண்டி பேசும்போதே எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பலகையின் நிறத்தையும் கேளுங்கள். பாஸை உங்கள் போன் நம்பரில் நீங்களே எடுங்கள். காலையில் வேறு வண்டி வந்து நின்றால், அதற்குப் புது பாஸ் கைக்கு வருகிற வரை வாசலை விட்டு நகரவிடாதீர்கள், ஓனர் போனில் என்ன சொன்னாலும் சரி.