ராத்திரியில் லயத்துக்கு யார் வருவது?

இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரின் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். மனநலம் குழம்பிய ஒருவரைப் பொலிஸ் எப்படிக் கையாள வேண்டும் என்பதைச் சபை பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வாங்கிப் படித்த உறுப்பினர், "டீச்சர், பொலிஸ் நம்ம கையில இல்லைங்களே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பொலிஸ் கொழும்பில் இருக்கும் பொலிஸ் மா அதிபருக்குக் கீழே. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மாகாணங்களுக்கு எழுதி வைத்த பொலிஸ் அதிகாரமே இன்றுவரை கைக்கு வரவில்லை. பிரதேச சபை எம்மாத்திரம்? ஆனால் பொலிஸுக்கு உத்தரவு போடச் சொல்லி நான் கேட்கவில்லை. ராத்திரியில் ஒரு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், ஒருவருக்கு மனது உடைந்துவிட்டால் முதலில் யாருக்குப் போன் போகும், யார் வருவார், வருபவருக்கு என்ன தெரிந்திருக்கும், எந்த மொழியில் பேசுவார்? இதைப் பொலிஸும் ஆஸ்பத்திரியும் தோட்ட நிர்வாகமும் சபையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசட்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியம்மா மகனுக்கு இளவயதிலிருந்தே மனநோய். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் ஊசி. ஊசி ஒழுங்காகப் போட்டால் அவர் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார், கோயில் தேருக்குக் கொட்டகை போடுவார், பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடுவார். ஆனால் கிளினிக் நாள் என்றால் அவருக்கும் பேர் இல்லை, கூடப் போகிற பெரியம்மாவுக்கும் பேர் இல்லை; அன்றைய சம்பளம் போய்விடும். அடைமழைக் காலத்தில் ரோடும் கெட்டு, ஊசி தவறிப்போனது. தூக்கம் நின்றது. சுவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். ஒரு ராத்திரி கவ்வாத்துக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் வந்து நின்றார். யாரையும் வெட்டப் போகவில்லை. தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டு நின்றார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் பயந்து பொலிஸின் 119க்கு அடித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. வேறு எந்த நம்பர் அவர்களுக்குத் தெரியும்?

ஜீப்பில் வந்தவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அண்ணனுக்குக் கடைவீதிச் சிங்களம் தெரியும். ஆனால் உயிருக்குப் பயந்து நிற்கிறவன் காதில் அதட்டல் மட்டும்தான் விழும். பெரியம்மா தமிழில் அவரிடம் பேசிக்கொண்டே கிட்டப் போனார். போக விடாமல் இழுத்து நிறுத்தினார்கள். முடிவில் விலங்கு மாட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். ராத்திரி முழுக்கப் பொலிஸ் நிலையக் கூண்டில். விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பெரியம்மாவின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. அதே பொலிஸ்காரர்களில் ஒருவர்தான் காலையில் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். கெட்ட மனிதர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். திருடனைப் பிடிக்கப் பழக்கியிருக்கிறார்கள். நோயாளியிடம் எப்படிப் போவது என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

இதைவிட மோசமாக முடிந்ததையும் நாடு பார்த்திருக்கிறது. 2009 ஒக்டோபரில் கொழும்பு பம்பலப்பிட்டிக் கடலில் மனநோயுள்ள ஒரு தமிழ் இளைஞனைக் கட்டையால் அடித்து, கரையேற விடாமல் சாகடித்தார்கள். கைகூப்பிக் கெஞ்சியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதில் பொலிஸ்காரரும் இருந்தார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

நம் சட்டமும் பழசு. மனநோய்கள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் 1873இல் போட்டது. 1956இல் கொஞ்சம் திருத்தினார்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்பதை 1998இல் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் மனது உடைந்தவர் வீட்டுக்கு முதலில் ஜீப் வரும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவில் பொலிஸ் பெரும்பாலும் அந்தந்த நகரத்துடையது. அதனால் நகரசபையே அதன் நடைமுறைகளை எடுத்து வைத்துக் கேள்வி கேட்கிறது. மெம்பிஸ் நகரத்தில் 1987இல் கத்தியோடு நின்ற ஒரு மனநோயாளியைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. அண்ணனைப் போலத்தான் அவரும் நின்றிருப்பார் என்று படிக்கும்போது நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடமே பொலிஸும் மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் கூடிப் பேசி, விரும்பி முன்வந்த பொலிஸ்காரர்களுக்கு 40 மணித்தியாலப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கேயே யூஜின் என்ற ஊரில் 1989 முதல் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கு ஆயுதமில்லாமல் ஒரு மருத்துவ உதவியாளரும் ஒரு ஆலோசகரும் வேனில் போனார்கள். பணம் போதாமல் 2025இல் அந்த ஊரில் அது நின்றுபோனது. ஆக, ஆரம்பித்தால் போதாது, செலவுக்கு வழியும் வேண்டும். அதனால்தான் நான் புது வேன் கேட்கவில்லை.

இருப்பதை வைத்துச் செய்யக்கூடியதைத்தான் எழுதியிருக்கிறேன். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். 1926 என்பது மனநல அவசர இலக்கம். இந்த இரண்டையும் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலும், டிஸ்பென்சரியிலும் தமிழில் பெரிதாக எழுதி வைக்க சபைக்கு யார் அனுமதி வேண்டும்? பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் பொலிஸ் பொறுப்பதிகாரியும் சுகாதாரப் பக்கத்தாரும் வருகிறார்கள். அங்கே சபை இதை எழுப்பலாம்: இப்படி ஒரு அழைப்பு வந்தால் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு உடனே போன் போக வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் ஜீப்பில் இருக்க வேண்டும், அதற்கு வழியில்லையென்றால் போனிலாவது தமிழில் பேச ஒருவர் வேண்டும், வீட்டாரைப் பேசவிட வேண்டும், கூண்டில் போடாமல் நேரே வார்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று ரோடு. தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது என்று பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டியே நம்மை எத்தனை வருடம் திருப்பி அனுப்பினார்கள்! 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இனி அந்தக் காரணம் செல்லாது. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரடியில் நின்றுவிடும் அம்புலன்ஸ் லயம்வரை ஏற வேண்டுமானால் அந்த ஏற்றத்துக்குக் கொங்கிரீட் போட்டே ஆக வேண்டும். மனநல வேலையில் ரோடும் ஒரு பங்கு என்று கடிதத்தில் தனியாக எழுதினேன். கிளினிக் நாளுக்குத் தோட்டம் பேர் போட வேண்டும் என்றும் சேர்த்தேன். அண்ணன் விழுந்தது அன்றைக்கு ராத்திரியில் இல்லை, ஊசி தவறிய நாளில்தான்.

உறுப்பினர் கடைசியில் பிரேரணையாகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். நோர்வூட், மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை பக்கம் இருப்பவர்கள் உங்கள் சபைக்கும் இதே மாதிரி எழுதுங்கள். கடிதத்தின் பிரதி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். ஊர், பெயர் மட்டும் மாற்றினால் போதும்.