ஒரே தப்பு, ஒரு மெஷின்ல அலாரம், இன்னொண்ணுல ஆக்சிடெண்ட்

சிஎன்சி மில்லிங்ல, அதாவது கம்ப்யூட்டர் கண்ட்ரோல்ல உலோகத்தைச் சீவுற மெஷின்ல, வேலைக்குச் சேந்து ரெண்டாவது வருஷம், நைட் ஷிஃப்ட். ஜாப்புல (நாம வெட்டுற பீஸ்ல) ஒரு பாக்கெட்டோட, அதாவது பள்ளத்தோட, ஆழம் 0.05 எம்எம் கம்மியா வந்துச்சு. சின்ன கரெக்‌ஷன் தானேன்னு டூல் நீளமெல்லாம் இருக்கிற ஆஃப்செட் பேஜ்ல 7ஆம் நம்பர் டூலுக்குப் போயி -0.05 அடிச்சு இன்புட் அழுத்திட்டேன். அழுத்த வேண்டியது பிளஸ் இன்புட். ஃபேனக் கம்பெனி கண்ட்ரோல்ல வேலை பாத்தவங்களுக்கு இப்பவே வயித்தக் கலக்கியிருக்கும். பிளஸ் இன்புட்னா ஏற்கனவே இருக்கிற வேல்யூவோட கூட்டிக்கும், வெறும் இன்புட்னா இருந்ததை அழிச்சுட்டு நாம அடிச்சதை மட்டும் வெச்சுக்கும். அங்க இருந்தது 138.42, அது -0.05 ஆயிடுச்சு. சைக்கிள் ஸ்டார்ட் குடுத்ததும் 12 எம்எம் எண்ட் மில் கட்டர் ராப்பிட்ல, அதாவது வெட்டாம நகர்ற முழு வேகத்துல, இறங்கி, நொறுங்கி, ஹோல்டர் போயி ஜாப்பைப் பிடிக்கிற வைஸ் மேல இடிச்சு நின்னுச்சு. அந்தச் சத்தம் இன்னைக்கும் எனக்கு மறக்கல.

ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வேற ஒரு ஷாப்புல இருந்தேன். அங்க புதுசா வந்த தம்பி ஒருத்தர் அச்சு அசலா இதே தப்பைப் பண்ணாரு. மெஷின் இசட் ஓவர் டிராவல்னு (மேல கீழ நகர்ற எல்லையைத் தாண்டுதுன்னு) அலாரம் போட்டுட்டு அசையாம நின்னுடுச்சு, எதுவும் உடையல. கண்ட்ரோலும் அதேதான், பட்டனும் அதேதான், தப்பும் அதேதான். ஒரு இடத்துல டூலைச் சுத்துற ஸ்பிண்டிலோட பேரிங்கைக் கழட்டிப் பாக்கிற அளவுக்குப் போச்சு, இன்னொரு இடத்துல ரீசெட் அழுத்தினதோட முடிஞ்சிருச்சு. ஏன்னு அன்னைக்கு ராத்திரி பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்தப்பதான் டூல் லெங்த் எடுக்கிற முறைன்னா என்னன்னே எனக்கு உருப்படியா புரிஞ்சுது.

விஷயம் வெறும் கூட்டல்தான். புரோகிராம்ல ஜி43 எச்7 இசட்2 ன்னு (7ஆம் டூலோட நீளத்தைக் கணக்குல எடுத்து ஜாப் முகத்துக்கு 2 எம்எம் மேல வான்னு) வந்தா, ஸ்பிண்டில் மெஷின் ஜீரோவுல, அதாவது மேல இருக்கிற ஹோம்ல, இருந்து எங்க போகணும்னு கண்ட்ரோல் மூணு நம்பரைக் கூட்டும்: புரோகிராம்ல இருக்கிற 2, ஜி54ல (ஜாப் எங்க இருக்குன்னு சொல்ற ஆஃப்செட்) இருக்கிற இசட், எச்7ல இருக்கிற லெங்த். இதுல கடைசி ரெண்டையும் எப்படிப் பிரிச்சு வெக்கிறோம்ங்கிறதுலதான் ஷாப்புக்கு ஷாப் வித்தியாசம்.

முதல் ஷாப்புல பிரீசெட்டர் இருந்துச்சு. ஸ்பிண்டில் முகத்துல இருந்து டூல் நுனி வரைக்கும் நிஜமான நீளத்தை வெளியவே அளந்து, அதைப் பிளஸ்ல எச்ல போடுவோம். ஜி54 இசட்ல, வெறும் ஸ்பிண்டில் முகம் ஜாப் மேல வந்து தொடணும்னா எவ்ளோ இறங்கணுமோ அந்தத் தூரம், -500 மாதிரி ஒரு பெரிய மைனஸ் நம்பர். இப்ப எச் காணாமப் போனா என்னாகும்? டூலே இல்லாத மாதிரி நினைச்சுக்கிட்டு ஸ்பிண்டில் 138 எம்எம் கூடுதலா இறங்கும். ஜி43 எழுத மறந்தாலும் இதே கதிதான்.

ரெண்டாவது ஷாப்புல ஒவ்வொரு டூலையும் ஜாப் மேலயே டச் பண்ணி, அந்த மெஷின் இசட்டை, -350 மாதிரி, அப்படியே எச்ல போடுவாங்க. ஜி54 இசட் ஜீரோ. இதுல எச் அழிஞ்சா கூட்டி வர்ற நம்பர் பிளஸ்ல போயிடும், ஹோமுக்கு மேல போகச் சொன்னா மெஷின் அலாரம் போட்டு மறுத்துடும். அந்தத் தம்பி தப்பிச்சது இதனாலதான்.

அதுக்காக இந்த முறை நல்ல முறைன்னு சொல்ல மாட்டேன். ஜாப் உயரம் மாறினா 12 டூல் இருந்தா 12ஐயும் திரும்பத் தொடணும். அதைவிடக் கொடுமை, ஃபேஸ் மில் மேல்முகத்தைச் சீவின பிறகு நடுவுல ஒரு டிரில் உடைஞ்சா, புது டிரில்லை எது மேல தொடுறது? நாம ஜீரோ எடுத்த முகமே இப்ப இல்ல. சீவினது எத்தனைன்னு கணக்குப் போட்டு அதைக் கூட்டி எழுதணும், அவசரத்துல அந்தக் கணக்குலயும் தப்பு வரும்.

நான் இப்ப பண்றது ரெண்டுக்கும் நடுவுல. டேபிள் மேல 50 எம்எம் உயரமுள்ள இசட் செட்டரை (டூல் தொட்டதைக் காட்டுற கருவி) வெச்சு எல்லா டூலையும் அதுல தொடுறேன். 1ஆம் டூல் செட்டர்ல தொடுறப்ப மெஷின் இசட் -370.000 காட்டுதுன்னா அதுல இன்னும் 50 கழிச்சு எச்1ல -420.000. அதாவது எல்லா எச்சும் டேபிள் முகத்தைக் குறிக்கும். அப்புறம் ஜாப்பை வைஸ்ல கட்டிட்டு ஏதாவது ஒரு டூலை மட்டும் ஜாப் மேல தொடுறேன். 1ஆம் டூலை வெச்சுத் தொட்டு -301.600ன்னு வந்தா, 420க்கும் இதுக்கும் வித்தியாசம் 118.400, அதுதான் ஜி54 இசட், பிளஸ்ல. ஜாப் மாறினா இந்த ஒரு நம்பர் மட்டும் மாறும். டூல் உடைஞ்சா செட்டர்ல போய் அந்த ஒரு டூலை மட்டும் தொட்டா போதும், ஜாப் எந்த நிலைமையில இருந்தாலும் கவலை இல்ல. எச் அழிஞ்சாலோ ஜி43 விட்டுப்போனாலோ ஓவர் டிராவல் அலாரம்தான் வரும். சில மெஷின்ல குட்டை டூல் டேபிள் வரைக்கும் எட்டாது, அப்ப வைஸோட ஃபிக்ஸட் ஜா மேல்முகத்தை எடுத்துக்கலாம், ஆனா அந்த வைஸை அசைச்சா எல்லாம் போச்சு.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு, மறைக்க விரும்பல. ஜி54 இசட்ல 118 போட மறந்து ஜீரோவா விட்டா டூல் டேபிள் முகத்தையே ஜாப் முகம்னு நினைச்சு இறங்கும். டி3க்கு (3ஆம் டூலுக்கு) எச்2 எழுதற தப்பை எந்த முறையும் காப்பாத்தாது.

அந்த இன்புட் பிரச்சினைக்கு நான் கண்ட உருப்படியான மருந்து, கரெக்‌ஷனை ஜியாமெட்ரி பத்தியில (முழு நீளம் இருக்கிற இடத்துல) போடவே கூடாது. பக்கத்துலயே வேர்னு (தேய்மானத்துக்கு) தனி பத்தி இருக்கு. 0.05, 0.02 எல்லாம் அங்க மட்டும். தப்பான பட்டனை அழுத்தினாக்கூட போறது பழைய வேர் வேல்யூ மட்டும்தான், நீளம் பத்திரமா இருக்கும். அப்புறம் புள்ளி. சில பழைய கண்ட்ரோல்ல 50ன்னு புள்ளி இல்லாம அடிச்சா 0.050ன்னு எடுத்துக்கும், அதனால புள்ளி வெக்கிறதைக் கை தானா செய்யணும்.

எக்ஸ், ஒய் பத்தி அதிகம் சொல்ல இல்ல. எட்ஜ் ஃபைண்டர் (ஜாப் ஓரத்தைக் கண்டுபிடிக்கிற கருவி) நுனி 10 எம்எம்னா இடது ஓரத்துல தொடுறப்ப ஸ்பிண்டில் சென்டர் ஓரத்துக்கு 5 வெளிய இருக்கு, அதனால எக்ஸ்-5. ன்னு புள்ளியோட அடிச்சு மெஷர் பட்டனை அழுத்தணும். குழப்பம் வந்தா டேபிள் நகருதுன்னு யோசிக்காதீங்க, டூல் நகருதுன்னு யோசிங்க, குறி தானா சரியா வரும். எல்லா ஜீரோவும் ஒரே அளவுக்குத் தள்ளி இருக்குன்னா ஆஃப்செட் பேஜ்ல மேல இருக்கிற எக்ஸ்டர்னல் வரிசையைப் பாருங்க, முந்தின ஷிஃப்ட்ல யாராவது அதுல நம்பர் விட்டுட்டுப் போயிருப்பாங்க. அது ஜி54ல இருந்து ஜி59 வரைக்கும் எல்லாத்தையும் நகத்திடும்.

செட்டருக்குப் பதிலா பின் வெச்சுத் தொடுறவங்க ஒண்ணு கவனிங்க. 10 எம்எம் டவல் பின்னை டூல் அடியில உருட்டுறப்ப டூலை மேல இருந்து இறக்கிக்கிட்டே பாக்காதீங்க, கார்பைடு நுனி பட்டுனு தெறிச்சிடும். பின்னை விடக் கீழ இறக்கி நிறுத்திட்டு, பின்னைப் பக்கத்துல வெச்சு லேசா தள்ளிக்கிட்டே ஹேண்ட்வீல்ல 0.01 0.01ஆ மேல ஏத்துங்க. எப்ப உள்ள நழுவுதோ அதுதான் 10.

காலையில மெஷின் ஆன் பண்ணினதும் டூல் தொடாதீங்க. ஸ்பிண்டில் சூடாகி நீளும், எஃகு 300 எம்எம் நீளத்துக்கு 10 டிகிரி ஏறினா 0.03க்கு மேலயே போகும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஹோல்டர் போய் உக்கார்ற டேப்பரைத் துணியால துடைச்சு, அப்புறம் எடுங்க. டேப்பர்ல ஒரு மெல்லிசு சிப் ஒட்டியிருந்தா நீளமும் தப்பு, ரன் அவுட்டும் (டூல் ஆடிச் சுத்துறது) தப்பு, நாம ஆஃப்செட்டை மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருப்போம்.

எல்லாம் போட்டு முடிச்சதும் முதல் ஓட்டத்துல நான் எந்த டூலுக்கும் விதிவிலக்கு குடுக்கிறதில்ல. சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியா ஓட்டுறது), ராப்பிட் குறைஞ்ச அளவுல, ஜி43 வரி இசட்100ல வந்து நிக்கும். அங்க கதவைத் திறந்து ஸ்கேலை ஜாப் மேல நிறுத்தி டூல் நுனி 100ல இருக்கான்னு பாக்கிறேன். அப்புறம் கீழ இறங்கறப்ப ஒரு கை ஃபீட் ஹோல்ட் (நகர்றதை நிறுத்துற பட்டன்) மேல, கண்ணு டிஸ்டன்ஸ் டு கோ (இன்னும் போக வேண்டிய தூரம்) மேல. திரை இன்னும் 40 இருக்குன்னு சொல்லும்போது கண்ணுக்கு 10தான் இடைவெளி தெரியுதுன்னா அங்கயே நிறுத்திடலாம். ஒரு டூலுக்கு அரை நிமிஷம் ஆகும்.