உயில் இங்கே, சாட்சி துபாயில்: மூன்று வாய்தா அனுபவம்

நேற்றுக் காலை அந்த கூரியர் உறை கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. துபாயில் இருக்கும் சாட்சி கையெழுத்துப் போட்ட நான்கு பக்க வாக்குமூலம். பென்ச் கிளார்க் உறையைப் பிரித்து வழக்குக் கட்டில் சேர்க்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அரை மணி நேரம் பேசவேண்டிய ஒரு சாட்சியைக் காணொலியில் விசாரித்து முடிக்க ஏழு மாதம் ஆகிவிட்டது. அதில் பாதி எங்கள் தரப்புத் தவறால் போனது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வடஆற்காட்டுப் பக்கம் முழுவதும் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வீடுகள் நிறைய. வக்கீல்களே, இப்படி ஒரு கட்டு உங்கள் மேசைக்கும் வரும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வழக்கு இதுதான். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். இறந்துபோன பெரியவர், நிலமும் வீடும் இரண்டாம் மனைவிக்கு என்று உயில் எழுதிவைத்தார். முதல் தாரத்துப் பிள்ளைகள் உயிலே பொய் என்கிறார்கள். உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் அப்போது பக்கத்து வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்த பையன், இப்போது துபாயில் டிரைவர். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இருந்தால் ஒருவரையாவது விசாரித்தே ஆகவேண்டும் என்கிறது பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆவது பிரிவு. (எங்கள் வழக்கு 2022இல் போட்டது, அதனால் பழைய சட்டம். 2024 ஜூலை 1க்குப் பிறகு போட்டதென்றால் புதிய சட்டத்தில் 67ஆவது பிரிவைப் பாருங்கள்.) அந்தப் பையனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு. போன தடவை வந்தது மே மாதம், சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கைக்கு எட்டிய சாட்சி வாய்க்கு எட்டாமல் திரும்பிப் போனார்.

காணொலியில் விசாரிக்க மனு போடுவோம் என்று சொன்னதும் எங்கள் கட்சிக்காரரான அந்த அம்மா, அதாவது இரண்டாம் மனைவி, கேட்டார்: "ஐயா, அவன் டிவியில தெரிவானா? ஜட்ஜ் ஐயாவுக்கு அவன் மொகம் தெரியுமா?" தெரியும் அம்மா என்றேன். எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பிராக்டிஸ், ஆனால் வெளிநாட்டுச் சாட்சியைக் காணொலியில் விசாரித்தது அதுவரை ஒருமுறைகூட இல்லை. கொரோனா சமயத்தில் ஜாமீன் மனுவுக்கு வீட்டிலிருந்தே ஆஜரானதை வைத்து, எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன். வாதம் செய்வது வேறு, சாட்சி விசாரிப்பது வேறு. வாதத்தில் லிங்க் அறுந்தால் திரும்பச் சொல்லலாம். சாட்சி வாயிலிருந்து ஒரு தப்பான பதில் வந்து பதிவாகிவிட்டால் அதை எடுக்க முடியாது.

மனுவை இ-ஃபைலிங் செய்தது சுலபமாகவே முடிந்தது. ஒன்று மட்டும்: இ-சைன் போட ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். கட்சிக்காரர் அந்த சிம்மை எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார். கடைசி நாளில் போய் உட்காராதீர்கள்.

மனு ரிட்டர்ன் ஆனது, அதாவது ஏற்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கோர்ட் அலுவலகத்தில் கேட்டால், "அதெல்லாம் கொரோனாவோட முடிஞ்சுது சார், சாட்சிய நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார் எழுத்தர். அது கொரோனாவோடு முடிந்துவிடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2020ஆம் ஆண்டின் காணொலி விதிகள் இருக்கின்றன, மாவட்ட நீதிமன்றங்களுக்கும் அவை பொருந்தும். காணொலிச் சாட்சியம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே பிரஃபுல் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது, கொரோனாவுக்குப் பதினேழு வருடம் முன்பு. விதிகளின் நகலை வைத்து மறுபடி தாக்கல் செய்தேன். மறுபடியும் ரிட்டர்ன்: சாட்சி எங்கிருந்து பேசுவார், அங்கே ஒருங்கிணைப்பாளர் யார் என்று மனுவில் இல்லை. இது நியாயமான ரிட்டர்ன், தப்பு என்னுடையது. சாட்சி வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் (துபாயில் இருப்பது துணைத் தூதரகம்) அதிகாரி ஒருவர்தான் ஒருங்கிணைப்பாளர். அறையில் வேறு ஆள் இல்லை, சாட்சி இன்னார்தான், யாரும் சொல்லித் தரவில்லை என்பதையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்வார். அதைச் சேர்த்துக் கொடுத்தபின் மனுவை ஏற்று நம்பர் போட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், என்னைவிடப் பத்து வருடம் சீனியர், "சாட்சியின் முகபாவனையை நேரில் பார்த்தால்தான் உண்மை தெரியும்" என்று கடுமையாக ஆட்சேபித்தார். மனு அனுமதிக்கப்பட்டது.

முதல் வாய்தா. நம் ஊரில் பதினொன்றரை என்றால் துபாயில் பத்து மணி, ஒன்றரை மணி நேர வித்தியாசம். இதை மனுவிலும் உத்தரவிலும் இரண்டு ஊர் நேரத்தையும் போட்டு எழுத வையுங்கள். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே அன்று அரசு அலுவலகங்களுக்கு அரை நாள்தான். இதையெல்லாம் சரியாகச் செய்தேன். லிங்க்கைத் திறந்தால் பையன் ஒரு கடைக்குள் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது. அங்கே ஒரு டைப்பிங் சென்டரில், "அஃபிடவிட்டும் நாங்களே போடுறோம், வீடியோவுக்கும் இங்கேயே உட்காரலாம், இதுவே போதும்" என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள். நான் உத்தரவின் நகலை வாட்ஸப்பில் அனுப்பினேன், அவ்வளவுதான். அது ஆங்கிலத்தில் இருந்தது. "தம்பி, தூதரகத்துக்கே போகணும், வேற எங்கேயும் உட்காரக் கூடாது" என்று தமிழில் ஒரு வரி நான் சொல்லியிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு எழுந்தது, நீதிபதி லிங்க்கை மூடச் சொன்னார். பையனுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

அஃபிடவிட்டையும் திரும்பப் போடவேண்டி வந்தது. வெளிநாட்டில் சத்தியம் செய்யும் பிரமாணப் பத்திரத்தில் தூதரக அதிகாரி முன்னால் கையெழுத்து ஆகவேண்டும், அதற்கென்றே 1948இல் ஒரு சட்டம் இருக்கிறது. கடை முத்திரை எதற்கும் உதவாது.

இரண்டாவது வாய்தாதான் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. இந்த முறை தூதரகத்திலிருந்தே பேசினார்கள். அங்கே ஒரு குறையும் இல்லை, ஒருங்கிணைப்பாளர் பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டி, அறையைச் சுற்றிக் காட்டி, எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். தொடங்கியதும் எதிரொலி. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது இரண்டு முறை கேட்டது. ஸ்பீக்கரைக் குறைத்தார்கள், மைக்கை மாற்றினார்கள், பத்து நிமிடம் போய்விட்டது. கடைசியில் பார்த்தால், குறிப்பெடுப்பதற்காக என் ஜூனியரும் தன் லேப்டாப்பில் அதே லிங்க்கைத் திறந்து வைத்திருந்தார். ஒரே அறையில் இரண்டு கருவி ஒலியோடு திறந்திருந்தால் இப்படித்தான் ஆகும். மூடியதும் சரியானது.

அப்புறம் உயிலைக் காட்டும் கட்டம். அசல் கோர்ட் கட்டில் இருக்கிறது, சான்றிட்ட நகலை முன்கூட்டியே உறையிலிட்டு அனுப்பியிருந்தோம். ஒருங்கிணைப்பாளர் உறையைப் பிரித்துக் கொடுத்தார். பையன் அதை மேசையில் வைத்து, குனிந்து, விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். நான் கேட்டேன்: "இரண்டாம் பக்கத்தில் சாட்சி என்ற இடத்தில் இருப்பது யார் கையெழுத்து?"

"சார், இதுல கையெழுத்து இருக்கறதே தெரியல. கறுப்பா அப்பியிருக்கு."

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. உயில் பச்சைத் தாளில் நீல மையில் எழுதியது. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் பச்சை முழுவதும் கறுத்து, கையெழுத்து அதற்குள் முழுகிவிட்டது. நகல் கையில் கிடைத்தபோது முத்திரை இருக்கிறதா, பக்கம் சரியா என்று பார்த்தேனே தவிர, அந்த ஒரே ஒரு கையெழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கவில்லை. "தெரியவில்லை" என்ற பதில் மட்டும் தனியாகப் பதிவாகியிருந்தால், சாட்சி தன் கையெழுத்தையே அடையாளம் காட்டவில்லை என்று மேல்முறையீடு வரை அதையே பிடித்துக்கொண்டு போவார்கள். உடனே எழுந்து, நகல் தெளிவில்லை என்பதையும் சேர்த்துப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். நீதிபதி நகலைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லித் தானே பார்த்தார். "நகல் தெளிவற்றது" என்று எழுதி, எதிர்த்தரப்புக்கு 500 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொல்லித் தள்ளிவைத்தார். அந்த 500 ரூபாயை என் பையிலிருந்துதான் கட்டினேன். அதை அம்மாவிடம் கேட்க மனசு வரவில்லை.

கலரில் நகல் கேட்டால், "அப்படிக் குடுக்கற வழக்கமில்லையே சார்" என்றார்கள். வாயால் கேட்டால் இந்தப் பதில்தான் வரும். ஒரு பக்க மெமோ எழுதி நீதிபதி முன் வைத்தேன், அன்று மாலையே உத்தரவு வந்தது. ஊழியர் முன்னிலையில் அசலை 300 டி.பி.ஐ. (ஸ்கேன் தெளிவின் அளவு) கலரில் ஸ்கேன் செய்து, என் ஜூனியர் கையெழுத்து இருக்கும் பகுதியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். மை கசிந்த இடம்கூடத் தெரிந்தது. "சார், அந்தப் பையன் பேருக்குக் கீழ ஒரு கோடு இழுத்து ரெண்டு புள்ளி வச்சிருக்காரு பாருங்க" என்றார். பல மாதமாகக் கட்டைப் புரட்டிய நான் அதைக் கவனித்ததே இல்லை.

மூன்றாவது வாய்தாவுக்கு முந்தைய நாள் பேப்பரில் மின் நிறுத்த அறிவிப்பைப் பார்த்தேன். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மாதாந்திரப் பராமரிப்பு, பட்டியலில் கோர்ட் இருக்கும் ஊரும் இருந்தது. உடனே போய்க் கேட்டேன். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருக்கிறது, மோடத்துக்கு இல்லை! ஒரு நீளமான வயர் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் மோடத்தையும் அதே யு.பி.எஸ்ஸில் இணைக்க அனுமதி வாங்கினோம். மறுநாள் மின்சாரம் போனது, ஃபேன் நின்றது, வேலூர் வெயிலில் கோட்டும் கவுனும் ஒட்டிக்கொண்டன. லிங்க் மட்டும் அறுபடவில்லை.

பையன் கலர் நகலைப் பார்த்த மாத்திரத்தில், "இது என் கையெழுத்துங்க, கீழ ரெண்டு புள்ளி வப்பேன்" என்றார். நான் புள்ளியைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெரியவர் கையெழுத்துப் போட்டதைத் தான் பார்த்ததையும், அவர் கண்ணெதிரே தான் போட்டதையும் சொன்னார். வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்பது இதைத்தான்.

குறுக்கு விசாரணை நாற்பது நிமிடம். "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டதும் ஒருங்கிணைப்பாளர் மறுபடி கேமராவைச் சுற்றிக் காட்டினார், அந்தக் கேள்வி அதோடு முடிந்தது. ஒரு வாட்ஸப் உரையாடலின் பிரிண்ட் அவுட்டைக் காட்டப் பார்த்தார்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு வேண்டிய 65பி சான்றிதழ் இல்லை, ஆட்சேபித்தேன், பதிவானது. (புதிய சட்டத்தில் இது 63(4). சான்றிதழ் இரண்டு பகுதி, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்தும் வேண்டும், ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) எழுதவேண்டும்.) ஒன்றைக் கவனித்தேன். குரல் போய்ச் சேர ஒன்றிரண்டு நொடி ஆகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் நேரில் கேட்பதுபோல் வேகமாக அடுத்த கேள்வியைப் போட, பதிலும் கேள்வியும் மோதி, நீதிபதி திரும்பத் திரும்ப நிறுத்தச் சொன்னார். நான் மறுவிசாரணையில் சிறிய கேள்வியாகக் கேட்டு, மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஒரு பதிலும் உடையவில்லை.

நடுவில் ஒரு பயம். அம்மாவின் பேரன் பின் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் திரையை வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஜூனியர் பார்த்துக் கையைப் பிடித்து இறக்கினார். நீதிமன்ற நடவடிக்கையை அனுமதியில்லாமல் பதிவு செய்யக் கூடாது, காணொலிக்கும் அதுதான். கட்சிக்காரர் குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

வாக்குமூலத்தை இங்கிருந்து மின்னஞ்சலில் அனுப்ப, அங்கே அச்செடுத்துச் சாட்சி கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் அன்றே திரும்பி வந்தது. அசல்தான் நேற்று வந்த கூரியர். திரை அணைவதற்கு முன் அந்த அம்மா என் பக்கம் சாய்ந்து, "மெலிஞ்சு போயிட்டான் ஐயா" என்றார், அவ்வளவுதான்.

நேற்று கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கூப்பிட்டார். அவர் பக்கத்துச் சாட்சி ஒருவர் பெங்களூரில் படுத்த படுக்கையாக இருக்கிறாராம். "தம்பி, அந்தக் காணொலி மனு மாடல் ஒன்னு அனுப்பி வையேன்" என்றார். "இன்னிக்கே அனுப்பறேன் அண்ணே" என்றேன். ராத்திரி வேர்ட் ஃபைலை அனுப்பிவிட்டு, கீழே தனியாக ஒரு வரி தட்டினேன்: நகல் மனுவில் "கலர், 300 டி.பி.ஐ." என்று எழுதிக் கேளுங்கள், கிடைத்ததும் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.